பின்னால் வலை கட்டியவன்

எங்கள் மிகோமானி ஊரில் ஒரே பொய்யை முப்பது வருஷம் கிழியாமல் காப்பாற்றியவன் ஒருவன்தான் உண்டு. அவன் பெயர் ஜெச்சா. வேட்டைக்காரன், மரவள்ளி போடுகிறவன், ஐந்து பிள்ளைகளின் தகப்பன், வாயாடி. பொய்க்காக அவனை யாரும் வெறுத்ததில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் அவன் இல்லையென்றால்தான் எல்லாருக்கும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அவன் சொல்வதில் பத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

என் பெயர் ஏமே. எனக்கும் அவனுக்கும் கேலி உறவு. அவன் குலமும் என் குலமும் எந்தக் காலத்திலோ பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் வந்தது. நான் அவனை எதைச் சொல்லித் திட்டினாலும் அவன் முகம் சுளிக்கக் கூடாது. அவன் என் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு போனால் நான் பின்னால் ஓடக் கூடாது. என் அப்பாவின் ஜனாஸாவைத் தூக்கும்போது இந்த ஆள் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, "உசுரோட இருந்தப்ப தொழுகைக்குக் கடைசி வரிசை, இப்ப மட்டும் என்ன மாமா இவ்வளவு அவசரம்" என்று கேட்டான். அழுதுகொண்டிருந்த அம்மாவே துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த உரிமை அவனுக்கு உண்டு. அப்படியிருக்க, நான் இப்போது அவனைப் பற்றி எழுதுவதிலும் கொஞ்சம் கடித்துவைப்பேன். ஏன் என்று அவன் கேட்கவும் முடியாது.

பொய் இதுதான். ஊருக்குத் தெற்கே பங்கோனிக் காடு இருக்கிறது. குகைகளும் கத்திபோல நிற்கிற பவளக்கல்லும் கருங்காலிப் புதருமாக, நடந்தால் செருப்பு இரண்டு நாளில் கிழிந்துபோகும். "அங்க ஒண்ணும் கெடையாது" என்பான் ஜெச்சா. "நான் போய்ப் பாத்துட்டேன். ஒரு எலி கூட அங்க குடித்தனம் பண்ணாது. போனவன் முழங்காலப் பேத்துக்கிட்டு வருவான்." ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாய்களோடும் வலைகளோடும் வேட்டைக்குக் கிளம்பினால் அவனே முன்னால் நின்று எல்லாரையும் வடக்கே ஓட்டிக்கொண்டு போவான். திங்கட்கிழமை தனியாகத் தெற்கே போவான். எங்கே போகிறாய் என்றால் விறகுக்கு என்பான்.

அங்கே நுங்கா என்கிற சின்ன மான் இருந்தது. நெற்றியில் சிவந்த குடுமி, காலெல்லாம் சுண்ணாம்பு தெறித்த மாதிரிப் புள்ளி, பின்தொடையில் வெள்ளைப் பட்டை, உயரம் முழங்காலைத் தாண்டாது. உலகத்தில் அது இருக்கிற இடங்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம் என்று பட்டணத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் சொன்னாள். அதன் கறி ருசி என்பது எங்களுக்கு அதற்கு முன்பே தெரியும்.

அந்த அம்மாள் வந்துபோன பிறகு, பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டோம். ஊர்க் குழுவின் எழுத்தர் என்ற முறையில் நான்தான் நோட்டில் எழுதினேன். நுங்கா இருக்கிற காட்டில் கோடரி விழக் கூடாது. நுங்காவைக் கொன்றவனின் வலையை ஊர் எரிக்கும். வேட்டையில் அவனுக்கு இனி இடமில்லை. அது வாழ்கிற காட்டில் சாகும்வரை அவன் கால் வைக்கக் கூடாது. "ரொம்பச் சரி, இன்னும் கடுமையாப் போடணும்" என்று கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னவன் ஜெச்சா.

போன வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இரண்டு வகுப்பறை கட்ட ஆரம்பித்தோம். சுவர் பாதி எழும்பி நின்றுவிட்டது. சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்குப் பவளக்கல்லை அடுக்கிச் சூளை போட வேண்டும். சூளைக்கு மலையளவு மரம் வேண்டும். கூரையில்லாத அந்த வகுப்பறைக்குள்ளேயே ஊர் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் எங்கள் ஷேஹா. ஊருக்குப் பொறுப்பான மனிதர், பெயர் கொம்போ. எதையும் இரண்டு முறை யோசித்து மூன்று முறை சொல்லுகிறவர்.

"தூரமாப் போகவேண்டாம். பங்கோனி இருக்கு. அதுல ஒண்ணும் இல்ல" என்றார் ஷேஹா. "நானாச் சொல்லல. நம்ம ஜெச்சா முப்பது வருஷமாச் சொல்றான். வேட்டைக்காரன் சொன்னா அதுக்கு மேல என்ன சாட்சி? வர்ற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை வெட்ட ஆரம்பிக்கலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஜெச்சாவைப் பார்த்தேன். மீன் முள் தொண்டையில் மாட்டியவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"ஷேஹா" என்று எழுந்தான். "அங்க நுங்கா இருக்கு."

 சுவர் இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்துதான் அதிகம்.

"நேத்து வரைக்கும் எலி கூட இல்லன்னியே?"

"நேத்து வரைக்கும் பொய் சொன்னேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு உண்மை."

"அப்ப நாளைக்கு வா, எதுன்னு முடிவு பண்ணிக்கலாம்" என்றார் ஒருவர். மறுபடி சிரிப்பு. வெட்டப்போகும் மரத்தில் தன் பெயருக்கு ஒரு பங்கு வேண்டும், அதற்குத்தான் நாடகம் ஆடுகிறான் என்றும் ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஆனாலும் கொம்போ நியாயமான ஆள். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றார். செவ்வாய்க்கிழமை காலை ஐம்பது பேர் வரிசையாகப் பத்துப் பதினைந்து அடிக்கு ஒருவராக நின்று, நாயும் வலையும் இல்லாமல், தகரத்தைத் தட்டிக்கொண்டு பங்கோனியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தோம். மறு முனையில் எட்டுப் பேர் வெளியே ஓடிவருவதை எண்ணக் காத்திருந்தார்கள். எண்ணியதில் கிடைத்தது: வேறு ஜாதிச் சின்ன மான் இரண்டு, காட்டுக்கோழி கொஞ்சம், போன பெருநாளுக்கு முன்னால் காணாமல்போன எங்கள் இமாமின் ஆடு ஒன்று. நுங்கா பூஜ்யம். இமாம் மட்டும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

ஜெச்சா வரிசையில் என் பக்கத்தில் நடந்து வந்தவன். வழியெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "பின்னால பாருங்கடா, பின்னால பாருங்கடா" என்று கத்தினான். ஐம்பது தகரத்துக்கு நடுவில் அது யார் காதில் விழும்?

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்தான். என் தொப்பியைப் பிடுங்கவில்லை. அதிலேயே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சான், நுங்கா முன்னால ஓடாது" என்றான். "மத்த மான் சத்தம் கேட்டா முன்னால பாயும். நம்ம ஆளுங்க முன்னால வலையக் கட்டிட்டு நிப்பானுங்க. நுங்கா படுத்துக்கும். ஆள் தாண்டுற வரைக்கும் மூச்சு விடாது. தாண்டினதும் எந்திரிச்சு பின்னாலேயே வந்த வழியாப் போயிடும். இன்னிக்கு உனக்கும் எனக்கும் நடுவுலயே ஒண்ணு படுத்திருந்துச்சு. நீ அது மேல கிட்டத்தட்ட கால் வச்ச."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் தன் கால் விரலைப் பார்த்தான். "நான் வலையப் பின்னால கட்டுவேன்" என்றான்.

முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் இவனோடு அலைந்து, கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பி, அடுத்த நாள் இவன் வீட்டு அடுப்பிலிருந்து வாசனை வரும்போது, அவன் பெண்டாட்டி கஸிஜாவின் கைப்பக்குவம் என்று என் மனைவியிடம் பொறாமைப்பட்டவன் நான். எனக்கு வந்த கோபத்தில் கேலி உறவில் இருக்கிற வசவு அத்தனையும் தீர்ந்துபோய், இல்லாத இரண்டையும் புதிதாகச் செய்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"முடிஞ்சுதா? சுபுஹு தொழுதுட்டு என்னோட வா. காட்டுறேன்."

போனேன். விடியும்போது ஒரு கருங்காலி மரத்தடியில் கல்லில் உட்கார வைத்தான். மேலே குரங்குக் கூட்டம் தின்றுகொண்டிருந்தது. தின்பதில் பாதியைக் கீழே போடுவது குரங்கின் குணம். பூவும் இலையும் சொத்துச் சொத்தென்று விழுந்தன. ஒரு கட்டெறும்பு என் கால்சட்டைக்குள் ஏறியது. அசைந்தால் கொன்றுவிடுவேன் என்று ஜெச்சா கண்ணாலேயே சொன்னான். எறும்பு மேலே போகப் போக எனக்குச் சாகிற நேரத்தில் சொல்லுகிற கலிமா ஞாபகம் வந்தது. பக்கத்தில் அந்த வாயாடி கல்லோடு கல்லாக உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றுதான். வாயை மூடினால் ஜெச்சா வேறு ஆள், நல்ல முகம் அவனுக்கு.

பிறகு நுங்கா வந்தது. வந்தது என்று சொல்வது கூடச் சரியில்லை. பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே இருந்தது. குடுமியை நிமிர்த்தி, மெல்லிய காலை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, விழுந்த பூக்களைப் பொறுக்கித் தின்றது. மேலே குரங்கு ஒரு கிளையை முறித்தால் ஓடாமல் அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றது. அங்கேதான் அடுத்த பூ விழும் என்று அதற்குத் தெரியும். கண்ணுக்குக் கீழே இருக்கிற கருத்த கோட்டை ஒரு குச்சியில் தேய்த்து, இந்த வீடு என்னுடையது என்று முத்திரை போட்டது. மறுபடி தின்றது. எனக்கு எறும்பு மறந்துபோனது. இப்படி ஒரு அழகான சின்ன உயிரைக் குழம்பு வாசனையாக மட்டும் இத்தனை நாள் தெரிந்துவைத்திருந்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

நேரே ஷேஹாவிடம் போய்ச் சொன்னேன். பார்த்தேன், என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஷேஹா என்னை மூன்று முறை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏமே, நீ அவனுக்கு என்ன வேணும்?"

"கேலி உறவு."

"அவன் உன்னப் பத்தியும் நீ அவனப் பத்தியும் இதுவரைக்கும் ஊர்ல சொன்னதுல ஏதாவது ஒண்ணு உண்மையா இருந்திருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவனுக்கு இரண்டாம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்று நான் ஒரு ஊரையே கிளப்பி விட்டிருக்கிறேன். அரிசியைக் கூட ஊறப்போட்டுவிட்டார்கள்.

"நீங்களே வாங்க, காலையில உட்காரலாம்" என்று உளறினேன். வந்தார். அவர் மட்டும் வந்தால் பரவாயில்லை; ஷேஹா காட்டுக்குப் போகிறார் என்று பின்னால் இருபது பேர் வந்தார்கள். குரங்கே அன்றைக்கு அந்த மரத்துக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்த நாள் கோடரி. ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் அதே கூரையில்லாத வகுப்பறையில் கூடினோம், யார் யார் எந்தப் பக்கம் வெட்டுவது என்று பிரிக்க. நான் நோட்டைத் திறந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஜெச்சா பாதியில் உள்ளே வந்தான். தோளில் வலை.

அந்த வலை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் அப்பாவுக்குப் பிறகு அவனே தன் கையால் முடிச்சுப் போட்டுப் பின்னியது. சொந்தப் பிள்ளைக்குக் கூடத் தொடக் கொடுக்க மாட்டான். அதை ஷேஹாவின் காலடியில் இறக்கி வைத்தான்.

"நான் நுங்காவக் கொன்னிருக்கேன்" என்றான். "பங்கோனியில. கட்டுப்பாட்டுக்கு முன்னாடி எத்தனைன்னு அல்லாஹ்வுக்குத் தெரியும். கட்டுப்பாட்டுக்கு அப்புறம் மூணு."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் நம்பவுமில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இது எந்த மாதிரி விளையாட்டு என்று. ஷேஹா தாடியைத் தடவினார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கஸிஜாவின் குரல் வந்தது. அவன் மனைவி. கடலில் பாசிப் பயிரைக் கயிற்றில் கட்டிவிட்டு நேரே வந்திருந்தாள், பாவாடை ஓரம் இன்னும் ஈரம்.

"நாலு, சிமாயப்பா" என்றாள், பிள்ளையின் பெயரால் புருஷனைக் கூப்பிட்டு.

ஜெச்சா திரும்பினான். "மூணு."

"நாலு. சமைச்சவளுக்குத் தெரியாதா? ரமலானுக்கு முந்தின வாரம் ஒண்ணு கொண்டாந்தீங்க. தேங்காய்ப் பால் போதலன்னு உங்க அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பினேன்."

"அது சின்ன மான்."

"காலெல்லாம் புள்ளி இருந்துச்சு. தோலை உரிச்சது நான்." பாவாடை ஓரத்தை உதறிவிட்டுக்கொண்டாள். "வயித்துக்குள்ள குட்டி இருந்துச்சு. அதுக்கு அப்புறம் இனிமே கொண்டாந்தா அடுப்புல வைக்கமாட்டேன்னு சொன்னேன். அன்னையிலேருந்து அந்த மனுஷன் கொண்டாரல. அதையும் எழுதிக்கோங்க."

ஜெச்சா தலையைக் குனிந்துகொண்டான். "நாலு" என்றான்.

 புருஷனின் குற்றத்தைப் பெண்டாட்டியே ஒன்று கூட்டிச் சொல்கிற பொய்யை எங்கள் ஊரில் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஷேஹா குனிந்து வலையைத் தொட்டுப் பார்த்தார். "ஜெச்சா, இதுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல? நீதான் இன்னும் கடுமையாப் போடச் சொன்ன."

"தெரியும். மச்சான் அழகா எழுதியிருப்பான்."

"பங்கோனிக்குள்ள நீ இனி போக முடியாது. சாகும்வரைக்கும்."

"காடு இருந்தாத்தானே போகமுடியாதுன்னு சொல்ல முடியும்? வெட்டிட்டா எங்க வேணா போவேன், தடுக்கறதுக்கு என்ன இருக்கு?"

அப்போதுதான் இரண்டொருவர் சிரித்தார்கள், மற்றவர்களால் முடியவில்லை. நான் எழுதி வைத்திருந்த பெயர்களின் மேல் ஒரு கோடு போட்டேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. யாரும் ஏன் என்றும் கேட்கவில்லை.

மரம் வடக்கே ஒரு மணி நேர நடையில் வெட்டினோம். முதுகு ஒடிந்தது. அந்த ஒரு மாதம் எல்லாரும் ஜெச்சாவைத் திட்டிக்கொண்டே சுமந்தார்கள். அவனும் கூடவே சுமந்தான், தன்னைத் தானே நல்ல வசவாகத் திட்டிக்கொண்டு. சூளை மூட்டிய அன்று வலையை அவனே கொண்டுவந்து உள்ளே போட்டான். நைலான் கிடையாது, நல்ல நார்க் கயிறு, சட்டென்று பிடித்துக்கொண்டது. ஜெச்சா அதைப் பற்றி ஏதாவது ஒரு பொய் சொல்லுவான் என்று எல்லாரும் காத்திருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை. என் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தேன். "பிடுங்கத் தெம்பில்லாதவனுக்குத் தானம்" என்றேன். "அழுக்குத் தொப்பி" என்றான். ஆனால் கழற்றவில்லை.

இப்போது வகுப்பறை இரண்டுக்கும் கூரை இருக்கிறது. பங்கோனிக்கு மாதம் ஒருமுறை போய் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணுகிற வேலையை ஊர் என்னிடம் கொடுத்தது. நான் எட்டு என்று எழுதினால் ஷேஹா ஆறு என்று எடுத்துக்கொள்கிறார், அது வேறு. ஜெச்சா காட்டின் எல்லையோடு நிற்கிறான். அங்கே அவனுக்கு ஒரு மரவள்ளித் தோட்டம் உண்டு. கல் இடுக்கில் மண் இருக்கிற இடமெல்லாம் ஒரு குச்சி நட்டிருக்கிறான். நான் வெளியே வரும் காலைகளில் அவன் தோட்டத்தில் வேலை இல்லாமல் இருந்ததில்லை.

உள்ளே எத்தனை என்று கேட்க மாட்டான். காது கிழிந்த ஒரு பெண் நுங்காவைப் பற்றி மட்டும் கேட்பான். அதை அவன் ஒருமுறை வலையிலிருந்து நழுவ விட்டிருக்கிறான், அல்லது விடுவித்திருக்கிறான். இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறான், எது என்று எனக்குத் தெரியாது. "பாத்தியா?" என்பான். "பாத்தேன்" என்பேன். அவ்வளவுதான்.

போன மூன்று மாதமாக அதைக் காணோம். முதல் மாதம் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். இரண்டாம் மாதம் மழை என்றேன். போன வாரம் வெளியே வந்தபோது அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். கிழவனாகிவிட்டான் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். "நல்லாக் கொழுத்திருக்கு. பக்கத்துலயே குட்டியும் நிக்குது, இத்தனூண்டு."

ஜெச்சா என்னையே பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்து இரண்டு கொத்துக் கொத்தினான்.

"மச்சான்" என்றான். "நுங்கா தாய் குட்டியக் கூடவே நிறுத்தாது. எங்கயாவது புதர்ல படுக்க வச்சுட்டுத் தனியாத்தான் மேயும். பால் குடுக்க மட்டும் போகும்."

நான் கையிலிருந்த நோட்டைப் பிரித்து மூடினேன்.

"அடுத்த மாசம் தனியா நின்னுச்சுன்னு சொல்லு" என்றான். "நான் நம்பிக்கிறேன்."